கமராப் பை வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி பதில்

கமரா வாங்க மூன்று மாதம் யோசிக்கிறவர்கள், அதைச் சுமக்கும் பையை மூன்று நிமிடத்தில் வாங்கி விடுகிறார்கள். பிறகு தோள் வலி, நனைந்த லென்ஸ், பூஞ்சணம் என்று கடிதம் எழுதுகிறார்கள். அப்படிச் சேர்ந்த கேள்விகளில் சிலவற்றை இம்முறை எடுத்துக்கொண்டோம்.

நிக்கோன் டி7500 கமரா, 18–140 லென்ஸ், சிக்மா 150–600 கன்டெம்பரரி லென்ஸ் மூன்றும் இருக்கின்றன. குமணைக்கும் குடும்பிமலைக்கும் போக 20 லீற்றர் பை போதும் என்கிறார் கடைக்காரர். 35 லீற்றர் எடு என்கிறான் நண்பன். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகர், கல்முனை

இரண்டு பேரையும் விட்டுவிட்டு அளவுநாடாவை எடுங்கள். பையில் எழுதியிருக்கும் லீற்றர்க் கணக்கு முழுப் பையின் கொள்ளளவு. அதில் கமராப் பகுதி எவ்வளவு, சாப்பாடும் மழையங்கியும் வைக்கிற பகுதி எவ்வளவு என்பது பைக்குப் பை மாறும். 30 லீற்றர்ப் பை ஒன்றில் கமராவுக்குப் பாதிதான் இருக்கலாம்.

ஒரு பாயை விரித்து, மலைக்குக் கொண்டுபோகும் சாமான் எல்லாவற்றையும் பைக்குள் அடுக்குவது போலவே அடுக்கிப் பாருங்கள். உங்கள் 150–600 லென்ஸ் மட்டும் 26 செ.மீ. நீளம். கமராவோடு பூட்டியபடியே வைக்க நினைத்தால் 34 செ.மீ. அளவில் வரும். ஆகவே உள்ளறையின் நீளம் 36 செ.மீ.க்குக் குறையக் கூடாது. நீளத்தைப் பலர் பார்க்கிறார்கள், ஆழத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள். இந்த லென்ஸின் விட்டம் 10.5 செ.மீ. ட்ரைபொட்டில் பூட்ட அதன் அடியில் இருக்கும் காலையும், திருப்பிப் போட்ட ஹூட்டையும் (வெளிச்சம் மறைக்கும் வளையம்) சேர்த்தால் 13, 14 செ.மீ. ஆழம் வேண்டும். நகரத்து அலுவலகப் பை போல மெலிதாகச் செய்த கமராப் பைகளில் உள் ஆழம் 11 செ.மீ.க்கு மேல் கிடைப்பது அரிது. சிப்பை இழுத்துப் பூட்டிவிடலாம்தான். ஆனால் பையின் முதுகுப்பக்கம் புடைத்து, நடக்கும்போது லென்ஸின் கால் உங்கள் முதுகெலும்பைக் குத்திக்கொண்டே வரும்.

அடுத்தது பாரம். டி7500 பற்றரியோடு 720 கிராம், 18–140 லென்ஸ் 490 கிராம், சிக்மா 1,930 கிராம். கூட்டினால் 3.14 கிலோ. ட்ரைபொட் 1.7, தண்ணீர் இரண்டு லீற்றர், சாப்பாடும் மழையங்கியும் ஒரு கிலோ, மேலதிக பற்றரி முதலான சில்லறைச் சாமான் 400 கிராம், பையின் சொந்தப் பாரம் இரண்டு கிலோ. மொத்தம் பத்தே கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சுமப்பவரின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மலையேறுகிறவர்களின் பொதுக் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்கள், ஆனால் தாராளமாக இல்லை. இந்தப் பாரத்தை இடுப்புப் பட்டி இல்லாத 20 லீற்றர்ப் பை தாங்காது. தைத்த இடம் பொறுத்தாலும் உங்கள் தோள் பொறுக்காது. 30 முதல் 35 லீற்றருக்குள், நல்ல இடுப்புப் பட்டியோடு பாருங்கள்.

குமணைக்கு வேறு கணக்கு. அங்கே ஜீப்பில்தான் இருக்கப் போகிறீர்கள், பை உங்கள் முதுகில் இருக்கப் போவதில்லை. பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, இரண்டு கிலோ அரிசியோ பயறோ போட்டு மறுமுனையையும் தைத்து எடுத்துப் போங்கள். ஜீப் கம்பியில் அதைப் போட்டு லென்ஸை அதன்மேல் வைத்தால் ட்ரைபொட் தேவையில்லை. பையை ஜீப்பின் தரையில் மட்டும் வைக்க வேண்டாம். கச்சான் காற்றுக் காலத்துப் புழுதி அங்கேதான் வந்து படியும், அதிர்ச்சியும் அங்கேதான் அதிகம். இருக்கையில் வைத்து, பட்டியால் கட்டிவிடுங்கள்.

நான் ஐந்தடி உயரம். வாங்கிய பையின் இடுப்புப் பட்டி இடுப்பில் நிற்காமல் தொடைப் பக்கம் இறங்குகிறது. தோள்பட்டியை இறுக்கினால் கழுத்து வலிக்கிறது. பை பிழையா, நான் போடும் முறை பிழையா?
வாசகி, கல்லடி

பைதான் பிழை, சகோதரி. உங்கள் முதுகுக்கு அது நீளம்.

பை பொருந்துவது ஆளின் உயரத்தைப் பொறுத்தது அல்ல, முதுகின் நீளத்தைப் பொறுத்தது. ஒரே உயரமுள்ள இருவருக்கு முதுகு நான்கு, ஐந்து செ.மீ. வித்தியாசப்படலாம். அளப்பதற்கு இன்னொருவர் வேண்டும். தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே ஓர் எலும்பு முண்டாகத் தெரியும். அது மேல்புள்ளி. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் ஊன்றி, பெருவிரல்களைப் பின்பக்கம் நீட்டுங்கள். இரண்டு பெருவிரல்களையும் சேர்க்கும் கோடு முதுகெலும்பில் எங்கே விழுகிறதோ, அது கீழ்ப்புள்ளி. தையற்கார அளவுநாடாவை முதுகின் வளைவோடு ஒட்டி வைத்து இரண்டுக்கும் இடையே அளக்க வேண்டும். 42 செ.மீ.க்குக் கீழே வந்தால், ஒரே அளவில் விற்கும் கமராப் பைகளில் பெரும்பாலானவை உங்களுக்கு ஒத்துவராது. தோள்பட்டி பூட்டும் இடத்தை மேலும் கீழும் நகர்த்தக் கூடிய பையைத் தேடுங்கள். ஷிமோடா போன்ற சில கொம்பனிகள் அப்படிச் செய்கின்றன. பெண்களுக்கென்று மார்பை ஒதுக்கி வளையும் தோள்பட்டியும் தனியாகக் கிடைக்கிறது. விலை கூடத்தான்.

இருக்கும் பையையே வைத்துச் சமாளிக்க வேண்டுமென்றால் போடும் ஒழுங்கை மாற்றிப் பாருங்கள். எல்லாப் பட்டிகளையும் தளர்த்திவிட்டுப் பையை முதுகில் ஏற்றுங்கள். முதலில் இடுப்புப் பட்டி. அதன் நடு, இடுப்பெலும்பின் விளிம்பில் ஏறி உட்கார வேண்டும், கொளுக்கி தொப்புளுக்கு நேரே வரும். அதை இறுக்கிய பிறகுதான் தோள்பட்டி. தோள்பட்டியின் உச்சியிலிருந்து பையின் மேல்விளிம்புக்குப் போகும் சிறு பட்டியைக் கடைசியாக இழுத்தால் பை முதுகோடு ஒட்டும். மார்புப் பட்டி வெறும் பிடிமானத்துக்கு, மூச்சு முட்ட இறுக்க வேண்டியதில்லை. சரியாகப் போட்டிருந்தால் தோளின் மேல்பக்கத்தில், பட்டிக்குக் கீழே ஒரு விரலை இலேசாக நுழைக்கலாம். விரல் நுழையவில்லையென்றால் பாரம் இன்னும் தோளில்தான் இருக்கிறது.

அடுத்த பை வாங்கும்போது வெறும் பையைப் போட்டுக் கண்ணாடி பார்க்காதீர்கள். உங்கள் சாமானைக் கொண்டு போங்கள். முடியாவிட்டால் ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றும் ஒன்றரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் இரண்டும் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடவுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். முதல் ஐந்து நிமிடத்தில் எந்தப் பையும் சுகமாகத்தான் இருக்கும்.

"வோட்டர்புரூஃப்" என்று எழுதிய பை, மழையுறையும் உண்டு. அறுகம்பேயில் அரை மணி நேர மழையில் உள்ளே ஈரமாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
வாசகர், பொத்துவில்

முழு ஏமாற்று என்று சொல்ல மாட்டோம். துணி நீர் புகாதது, பை நீர் புகாதது என்ற இரண்டுக்கும் நடுவில் நிறைய ஓட்டை இருக்கிறது. துணியின் உள்பக்கம் பூச்சு இருப்பதால் துணி வழியாகத் தண்ணீர் வராது. தையல் ஊசி போன ஒவ்வொரு துவாரத்தின் வழியாகவும் வரும். சிப் வழியாக வரும். தோள்பட்டி பையோடு சேருகிற மூலையில் நிச்சயம் வரும். ரப்பர் போல மினுங்கும் பூச்சுப் போட்ட சிப் தூறலை நிறுத்தும், நம் வாடைக்காற்று மழையை நிறுத்தாது. உண்மையில் நீர் புகாத சிப், சுழியோடிகளின் பைகளில் வருகிறது. இழுப்பதற்கே பலம் வேண்டும், அதை எல்லாக் கமராப் பையிலும் போட மாட்டார்கள்.

மழையுறை இருந்தும் ஏன் நனைந்தது என்பதற்குக் காரணம் உங்கள் முதுகு. உறை பையின் வெளிப்பக்கத்தைத்தான் மூடுகிறது. தலையிலும் கழுத்திலும் விழும் மழை முதுகுக்கும் பைக்கும் இடையே வழிந்து இறங்கும். முதுகுப் பக்கம் திறக்கும் பையாக இருந்தால் சிப் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கும். போதாததற்கு, உறையின் அடிப்பகுதி ஒரு கிண்ணம் போல. வழிந்த தண்ணீர் அங்கே தேங்கி நிற்கும். உறையின் அடியில் ஒரு சிறு துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத உறையில் ஒரு மணி நேரம் நடந்தால் பை தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கும்.

முதுகுப்பையையும் ஆளையும் சேர்த்து மூடும் பொன்சோ மழையங்கியே மேல் என்பது எங்கள் எண்ணம். காற்றில் பறக்கும், அழகாகவும் இராது. ஆனால் முதுகுக்கும் பைக்கும் இடையே தண்ணீர் போகாது. அதற்கும் மேலே, கமரா அறையை மட்டும் வாய் சுருட்டிப் பூட்டும் டிரை பேக்கில் போட்டுப் பைக்குள் வைத்தால் மழையைப் பற்றிக் கவலையே இல்லை. காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மூன்று சுருட்டாவது சுருட்ட வேண்டும். ஒரு சுருட்டு போதாது. அறுகம்பேயில் சர்ஃபிங் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

மாரி தொடங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். பைக்குள் கமராவுக்குப் பதில் காய்ந்த பத்திரிகைத் தாள்களை நிரப்பிச் சிப்பைப் பூட்டுங்கள். உடுப்புக் காயப்போடும் கம்பியில் தொங்கவிட்டு, தோட்டத்துக் குழாயால் பத்து நிமிடம் மேலிருந்து தண்ணீர் அடியுங்கள். திறந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தால் எந்த மூலை ஒழுகுகிறது என்பது ஈரத்தின் படமாகவே தெரியும். பெரும்பாலும் மேல்கைப்பிடியின் தையலும் தோள்பட்டியின் வேரும்தான் ஒழுகும். அந்தத் தையலின் உள்பக்கத்தில், கூடாரத்துக்குப் பூசும் தையல் பசையைப் பூசி ஒரு நாள் காயவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலைந்து வருடம் போன பையின் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை அடித்தால் அது அழுக்கு அல்ல. பொலியூரிதேன் பூச்சு வெக்கையிலும் ஈரத்திலும் சிதைந்து போவதன் அடையாளம். கழுவினால் போகாது. அந்தப் பிசின் லென்ஸில் ஒட்டுமுன் பையை மாற்றிவிடுங்கள். பழைய பை வாங்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான்: அடிமூலைக்குள் கையை விட்டு, பெருவிரலால் தேய்த்து, மணந்து பாருங்கள்.

லென்ஸைக் கமராப் பையிலேயே வைத்து அலுமாரியில் பூட்டியிருந்தேன். சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டிருந்தேன். இரண்டு மாதத்தில் கண்ணாடியில் நூல் போல ஏதோ படர்ந்திருக்கிறது.
வாசகர், வாழைச்சேனை

பூஞ்சணம். பை சுமக்கிறதற்கு, வைத்திருக்கிறதற்கு அல்ல. உள்ளே இருக்கும் ஸ்பொஞ்சும் வெல்குரோத் துணியும் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அலுமாரியின் இருட்டும் காற்றோட்டமின்மையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் கெட்டதல்ல. ஆனால் பையின் சிப் காற்றை நிறுத்தாது. சின்னப் பொட்டலம் வாவிக்கரைக் காற்றின் ஈரத்தை எல்லாம் உறிஞ்சப் பார்த்து ஓரிரு நாளில் நிறைந்துவிடும்.

ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று, 10 முதல் 15 லீற்றர் அளவில். அதற்குள் 200, 300 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40க்கும் 50க்கும் இடையே நிற்க வேண்டும். 60ஐத் தாண்டி நின்றால் பூஞ்சணத்துக்கு வழிவிடுகிறீர்கள், 30க்குக் கீழே போனால் ரப்பரும் மசகும் காயும். செம்மஞ்சள் நிறம் கரும்பச்சையாக மாறியதும் 110, 120 பாகை செல்சியஸில் ஓவனில் இரண்டு மணி நேரம் உலர்த்தினால் திரும்பப் பாவிக்கலாம். நீல நிறத்தில் வரும் பழைய வகையில் கோபால்ற்று உண்டு, அதைச் சமையல் பாத்திரத்தில் போட வேண்டாம். சிலிக்காவுக்குப் பதில் அரிசி போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அரிசி ஈரத்தைச் சரிவர எடுக்காது, தவிட்டுத் தூள்தான் லென்ஸுக்குள் போகும்.

படர்ந்த லென்ஸைத் திருத்துபவரிடம் கொடுங்கள். உள்கண்ணாடியில் இருந்தால் துடைத்துப் பார்க்க வேண்டாம். பையின் தடுப்புகளைக் கழற்றிக் காலை வெயிலில் ஒரு மணி நேரம் காயப்போட்டு, 70 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்துப் பிறகு பாவியுங்கள்.

பாசிக்குடா ஹோட்டலில் விடியற்காலை கமராவை எடுத்துக் கடற்கரைக்குப் போனதும் லென்ஸ் புகைந்துவிடுகிறது. சூரியன் ஏறிய பிறகுதான் தெளிகிறது.
வாசகி, ஏறாவூர்

ஏசி அறையில் குளிர்ந்த கண்ணாடி, வெளியே ஈரக்காற்று. கமராவைப் பைக்குள் வைத்துச் சிப்பை நன்றாகப் பூட்டி, புறப்பட 45 நிமிடத்துக்கு முன் பையை மட்டும் வெளி விறாந்தையில் வைத்துவிடுங்கள். ஸ்பொஞ்சுக்குள் மெதுவாகச் சூடேறும். இடையில் திறந்து பார்த்தால் கெட்டது. இதற்கு மட்டும், தடித்த ஸ்பொஞ்சுள்ள பை மெல்லிய பையைவிட நல்லது.

உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறேன். படமும் எடுக்க விருப்பம். பெரிய கமராப் பை வாங்கட்டுமா?
வாசகர், திருக்கோவில்

வேண்டாம். காட்டுவழியில் பல நாள் நடக்கும்போது உங்களுக்குத் தேவை தண்ணீரும் அரிசியும் படுக்கைத் துணியும். கமராப் பையில் ஸ்பொஞ்சு இடத்தைத் தின்றுவிடும். 50 லீற்றர் அளவில் சட்டம் வைத்த மலையேற்றப் பையொன்றும், அதற்குள் வைக்க 25 × 20 × 12 செ.மீ. அளவில் தனிக் கமரா உள்ளறையொன்றும் எடுங்கள். கடைகளில் இதைக் கியூப், இன்சேர்ட் என்பார்கள். விலை அதிகமென்றால், 10 மி.மீ. தடிப்புள்ள யோகா விரிப்பை வெட்டிப் பெட்டி போல ஒட்டி, உள்ளே மென்துணி தைத்துக்கொண்டாலும் வேலை நடக்கும். ஈ.வி.ஏ. ஸ்பொஞ்சாகப் பாருங்கள். அது தண்ணீரை உறிஞ்சாது. மெத்தை ஸ்பொஞ்சு உறிஞ்சும்.

அடுக்கும் ஒழுங்கு: அடியில் துணிமணி. பாரமான சாமான் தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே, முதுகை ஒட்டி. பாரம் வெளிப்பக்கம் போனால் பை பின்னுக்கு இழுக்கும், நீங்கள் முன்னுக்குக் குனிந்தே நடப்பீர்கள். தண்ணீர் எப்போதும் வெளிப் பொக்கற்றில். குழாய் வைத்த தண்ணீர்ப் பையைக் கமரா அறைக்கு மேலே மட்டும் வைத்துவிடாதீர்கள், அதன் மூடி ஒருநாள் இளகும். ஒரு பக்கத்தில் ட்ரைபொட் கட்டினால் மறுபக்கத்தில் ஒன்றரை லீற்றர்ப் போத்தல். இல்லாவிட்டால் மாலைக்குள் ஒரு தோள் மட்டும் நோகும். இந்த நடைக்கு ட்ரைபொட்டே தேவையில்லை என்பது வேறு விஷயம்.

கமரா ஒன்று, 24–105 போல லென்ஸ் ஒன்று. அதற்கு மேல் எடுக்காதீர்கள். 20,000 எம்.ஏ.எச். பவர்பாங்கில் 74 வோட்மணி இருக்கும். வீண்போவது போக ஐம்பது அளவில் மிஞ்சும். 16 வோட்மணிப் பற்றரியை மூன்று தடவை ஏற்றலாம். அதோடு, ஏற்றிய பற்றரி மூன்று.

கும்புக்கன் ஆற்றைக் கடக்கும்போது கமராவை டிரை பேக்கில் போட்ட பிறகு இடுப்புப் பட்டியையும் மார்புப் பட்டியையும் கழற்றிவிட்டு இறங்குங்கள். கால் தவறினால் பையை உதறிவிட முடிய வேண்டும். பட்டி பூட்டிய பை ஆளையும் சேர்த்து இழுக்கும். இன்னுமொன்று, நேர்த்திக்கடனோடு நடக்கிறவர்களிடம் கேட்காமல் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டாதீர்கள்.

கல்லோயாவில் படகில் போய் யானை எடுக்க எந்தப் பை?
வாசகர், அம்பாறை

சேனநாயக்க சமுத்திரத்தில் யானை நீந்துகிறது என்று யாராவது கத்தும்போது சிப்பைத் தேடிக்கொண்டிருக்க நேரமிராது. முதுகுப்பக்கம் திறக்கும் பை படகுக்கு உதவாது. மேல்பக்கம் திறக்கும் சிறு பையைக் கால்களுக்கு இடையே, ஒரு பலகைத் துண்டின் மேல் வையுங்கள். படகின் அடியில் எப்போதும் ஒரு விரற்கடைத் தண்ணீர் நிற்கும். படகிலும் பட்டி பூட்டக் கூடாது, ஆற்றுக்குச் சொன்ன காரணம்தான்.

கொழும்புக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து மலேசியாவுக்கு விமானம். பெரிய பை என்பதால் பயமாக இருக்கிறது.
வாசகர், காத்தான்குடி

பஸ்ஸில் சாரதிக்குப் பக்கத்து எஞ்சின் மூடியில் பையை வைக்கச் சொல்வார்கள். வைக்காதீர்கள், அந்தச் சூட்டுக்கு ஸ்பொஞ்சின் பசையே விடும். மடியில் வையுங்கள். முதுகுப் பக்கம் திறக்கும் பையானால் சிப் உங்கள் வயிற்றோடு இருக்கும், தூங்கினாலும் யாரும் கை வைக்க முடியாது. கொம்பனிப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்ட பையில் அந்தப் பெயரைக் கறுப்பு நாடாவால் மறைத்துவிடுவது நல்லது.

விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோ என்று எல்லை வைக்கும் நிறுவனங்கள் பல. உங்களுடையதற்கு எவ்வளவு என்று பயணச்சீட்டில் பாருங்கள். பையே இரண்டு கிலோ என்றால் மிஞ்சுவது ஐந்து. உள்ளறை தனியாகக் கழன்று வரும் பை இங்கேதான் உதவும்: பையை வாங்கிக் கீழே போடச் சொன்னால், கமராவோடு அறையை உருவிக் கையில் எடுத்துக்கொண்டு வெறும் பையைக் கொடுத்துவிடலாம். தனிப் பற்றரிகளும் பவர்பாங்கும் கையோடுதான் வர வேண்டும், சரக்கில் போட அனுமதி இல்லை. பற்றரி முனைகளில் நாடா ஒட்டிவிடுங்கள்.

சிப் நடுவழியில் இறுகி நிற்கிறது. தேங்காயெண்ணெய் போட்டேன், இரண்டு நாள் நன்றாக ஓடியது, இப்போது முன்னைவிட மோசம்.
வாசகர், நிந்தவூர்

எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டது. வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, பழைய பற்தூரிகையால் பற்களை இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவுங்கள். உப்பு முழுக்கக் கரைய இரண்டு மூன்று தடவை தேவைப்படலாம். நிழலில் காய்ந்த பிறகு மெழுகுதிரியை இலேசாகத் தேய்த்து, சிப்பைப் பத்துத் தடவை இழுத்து விடுங்கள். இழுபிடி பச்சை பூத்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். பை தைப்பவரிடம் சிப்பின் அகல எண்ணைச் சொல்லுங்கள். இழுபிடியின் பின்புறத்தில் 5, 8, 10 என்று ஏதாவதொன்று பொறித்திருக்கும்.